விதைநெல்லுக்கு உப்புத் தண்ணீர்: முட்டை சொல்லும் கணக்கு

தொட்டியில் 10 லிட்டர் தண்ணீர். அடியில் ஒரு முட்டை படுத்திருக்கிறது. கல்லுப்பைக் கை கையாக அள்ளிப் போட்டுக் கலக்குகிறேன். ஒரு கிலோ உப்பு உள்ளே போயாயிற்று, முட்டை அசைகிற வழியாக இல்லை. இன்னும் நாலு கை போடுகிறேன். முட்டையின் மொத்தையான முனை தரையை விட்டு லேசாக எழும்புகிறது. தூக்கத்தில் இருக்கிற பிள்ளை தலையைத் தூக்கிப் பார்ப்பது போல ஒரு அசைவு. பிறகு முழு முட்டையும் மெதுவாக மேலே வருகிறது. இருபது வருஷமாக ஒவ்வொரு நாற்றங்காலுக்கும் முன்னால் இதைச் செய்கிறேன். இன்னமும் அந்த நேரத்தில் கலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

நான் பிறந்தது வேதாரண்யத்துப் பக்கம், உப்பளத்துக் குடும்பம். வாக்கப்பட்டு வந்தது மன்னார்குடிப் பக்கம், நெல்லு விளைகிற வீடு. உப்பும் நெல்லும் ஒரே தொட்டியில் சேருகிற வேலை இது ஒன்றுதான் என்பதால் எனக்கு இதன் மேல் தனிப் பிரியம். அப்பா அகஸ்தியம்பள்ளி அளத்தில் வேலை பார்த்தார். அவர் கையில் ஒரு கண்ணாடிக் குழல் இருக்கும். அடியில் ஈயக் குண்டு, மேலே மெல்லிய தண்டு, தண்டில் கோடு கோடாக எண்கள். பாத்தித் தண்ணீரை ஒரு குவளையில் மொண்டு குழலை அதில் விடுவார். அந்த எண்களை டிகிரி என்பார்கள், சூட்டைச் சொல்கிற டிகிரி இல்லை, தண்ணீரின் கனத்தைச் சொல்வது. கடல் தண்ணீரில் விட்டால் மூன்றரை டிகிரியில் நிற்கும். வெயிலில் தண்ணீர் சுண்டச் சுண்ட அதே குழல் மேலே மேலே எழும்பி நிற்கும். 25 டிகிரி வந்தால் உப்பு இறங்கப் போகிறது என்று அர்த்தம். குழலின் எடை மாறவே இல்லை, தண்ணீர்தான் மாறியது. எதற்கு அது மேலே வருகிறது என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டபோது, "தண்ணி கனத்துப் போச்சு, அதான் தூக்குது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பாடம் முழுக்க இருந்தது என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

இந்தக் கட்டுரை விதைநெல்லைத் தரம் பிரிப்பது எப்படி என்று சொல்வதற்காக. அதோடு, ஒரு பொருள் ஏன் மிதக்கிறது, ஏன் மூழ்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் தெரியாமல் அளவை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித் தவறியிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

எதற்கு இந்த வேலை?

முன்பெல்லாம் ஏக்கருக்கு 30 கிலோ விதை தெளித்த காலத்தில், நாலு கருக்காய் கலந்திருந்தாலும் தெரியாது. திருந்திய நெல் சாகுபடியில் ஏக்கருக்கு 3 கிலோ விதைதான். குத்துக்கு ஒரே ஒரு நாற்று. அந்த ஒற்றை நாற்று நோஞ்சானாக இருந்தால் அந்த இடம் அறுப்பு வரைக்கும் நோஞ்சான்தான். பால் நன்றாகப் பிடித்து முற்றிய மணியில் முளைக்குத் தேவையான சாப்பாடு நிறைய இருக்கும். வேர்விட்டு இரண்டாவது இலை வருகிற வரைக்கும் நாற்று அந்தச் சாப்பாட்டை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே கனமான மணி வேண்டும். லட்சக்கணக்கான மணியை எடுத்து ஒவ்வொன்றாகவா எடை போட முடியும்? தண்ணீர் போடும்.

என் அத்தை காலத்தில் வெறும் தண்ணீரில் விதையைக் கொட்டி மிதப்பதை வழித்துப் போடுவார்கள். அதில் பதர் மட்டும்தான் போகும். பாதி பால் பிடித்த அரைக்காய் வெறும் தண்ணீரில் மூழ்கிவிடும், நல்ல மணியோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளும். அதைப் பிரிக்கத்தான் உப்பு.

தேவையானவை

10 லிட்டர் நல்ல தண்ணீர். ஒன்றரை கிலோ கல்லுப்பு, கைவசம் இன்னும் கால் கிலோ. யூரியாவையும் உப்பு என்று சொல்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு, அது இல்லை, சமையலுக்குப் போடுகிற உப்பு. புதிய கோழிமுட்டை ஒன்று. 20 லிட்டர் கொள்கிற பிளாஸ்டிக் தொட்டி. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், உப்பு அரித்துவிடும். நான் நீலக் கேன் ஒன்றைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறேன், குடிதண்ணீர் பிடித்த கேன், மருந்து இருந்தது இல்லை. மேலே மிதப்பதை அரிக்க ஒரு வடிகட்டி அல்லது நைலான் வலைத் துண்டு. காய்ந்த விதைநெல் 3 கிலோ. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்: காய்ந்த. ஈர நெல்லைப் போட்டால் அதிலிருக்கும் தண்ணீர் உப்பு நீரை நீர்த்துப் போகச் செய்யும்.

உப்பைக் கரைப்பது

முதலில் முட்டையை வெறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் கிடையாகப் படுக்க வேண்டும். இது முக்கியம், ஏன் என்று பின்னால் வருகிறது. அதற்குப் பிறகு உப்பைப் போடுங்கள், கலக்குங்கள். கலக்குவதில் சோம்பல் கூடாது. உப்பு அடியில் கரையும்போது கெட்டியான தண்ணீர் அடியிலேயே தங்கும், மேலே நீர்த்த தண்ணீர் நிற்கும். இரண்டும் தானாகச் சீக்கிரம் கலந்துகொள்ளாது. முட்டை அடியிலும் இல்லாமல் மேலும் வராமல் நடுத் தண்ணீரில் தொங்கிக்கொண்டு நின்றால், உப்பு போதவில்லை என்று நினைக்காதீர்கள். கலக்கியது போதவில்லை. கீழே இருக்கிற கெட்டித் தண்ணீர் முட்டையைத் தூக்குகிறது, மேலே இருக்கிற இளந்தண்ணீருக்குத் தூக்கச் சக்தி இல்லை, இரண்டுக்கும் எல்லையில் முட்டை நிற்கிறது. சீராகக் கலந்த தண்ணீரில் முட்டை அப்படி நிற்காது. ஒன்று மேலே, இல்லை கீழே. அடி வரைக்கும் கைவிட்டு ஐந்து நிமிஷம் கலக்குங்கள், நீங்களே பார்ப்பீர்கள்.

நாலணாக் காசு, அதாவது 25 பைசா, அளவுக்கு முட்டை வெளியே தெரிய வேண்டும் என்பது நம் ஊரில் வழிவழியாகச் சொல்கிற அளவு. நாலணா 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. 2011-ல் வந்த ஒரு ரூபாய்க் காசு அதைவிடச் சற்றுப் பெரியது, 22 மில்லிமீட்டர் அகலம். அந்த அளவு தெரிந்தாலும் சரிதான்.

இனி அந்தக் காசு அளவுக்குள் என்ன கணக்கு ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

தண்ணீர் எப்படித் தூக்குகிறது?

கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்கு இது கையில் தெரியும். வாளி தண்ணீருக்குள் முழுசாக முங்கி நிறைந்திருக்கும்போது கயிற்றில் கனமே இருக்காது. மேலே வந்து வாளியின் விளிம்பு தண்ணீர் மட்டத்தைத் தாண்டுகிற இடத்தில்தான் கனம் கூடிக்கொண்டே வந்து, முழுசாக வெளியே வந்ததும் தோள்பட்டையைப் பிடித்து இழுக்கும். வாளிக்குள் இருக்கும் தண்ணீர் அதே தண்ணீர்தான். கிணற்றுக்குள் இருந்தபோது அதன் எடை எங்கே போனது? எங்கும் போகவில்லை. சுற்றியிருந்த தண்ணீர் அதைச் சுமந்துகொண்டிருந்தது.

குளத்தில் முங்கி ஆழம் போனால் காது வலிக்கிறதே, அந்த அழுத்தம்தான் சுமக்கிறது. ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். தண்ணீருக்குள் இருக்கிற எந்தப் பொருளுக்கும் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஆழத்தில் இருக்கிறது. ஆகவே கீழிருந்து மேலே தள்ளுவது, மேலிருந்து கீழே அமுக்குவதைவிட எப்போதும் அதிகம். அந்த வித்தியாசம்தான் மேலே தூக்குகிற விசை.

அது எவ்வளவு? இதற்கு ஒரு அழகான யோசனை இருக்கிறது. முட்டை இருக்கிற இடத்தில் முட்டைக்குப் பதிலாக, முட்டை வடிவத்தில் தண்ணீரே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அசையாத தொட்டியில் அந்த முட்டை வடிவத் தண்ணீர் மேலேயும் போகாது, கீழேயும் போகாது, அங்கேயே நிற்கும். நிற்கிறது என்றால், சுற்றியுள்ள தண்ணீர் அதன் எடையைச் சரியாகச் சுமக்கிறது. இப்போது அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டு அதே இடத்தில் உண்மை முட்டையை வையுங்கள். சுற்றியுள்ள தண்ணீருக்கு உள்ளே இருப்பது முட்டையா தண்ணீரா என்று தெரியாது. அது முன்பு தள்ளிய அதே அளவுதான் தள்ளும். ஆகவே ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான தூக்கு அதற்குக் கிடைக்கும். ஆர்க்கிமிடீஸ் கிறிஸ்து பிறப்பதற்கு 200 வருஷத்துக்கும் மேல் முன்னால் கண்டுபிடித்துச் சொன்ன விதி இதுதான். பையனின் பாடப் புத்தகத்தில் அது நாலு வரியாக இருந்தது. இந்த யோசனையோடு படித்தபோதுதான் எனக்கு உள்ளே இறங்கியது.

கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும் என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். அது சரியில்லை. ஒரு மணல் துகள் மூழ்குகிறது, ஆள் ஏறிய தோணி மிதக்கிறது. பனங்கட்டை மிதக்கும், அதைவிட எவ்வளவோ சின்னதான கருங்காலித் துண்டு மூழ்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதே அளவு இடத்தை அடைக்கிற தண்ணீரைவிட இது கனமா, லேசா?

முட்டையைக் கையில் எடுத்துக்கொள்வோம். மசாலா நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசில் என் கோழி முட்டை 56 கிராம். ஒரு டம்ளரைத் தட்டில் வைத்து விளிம்பு தளும்பத் தண்ணீர் ஊற்றி, முட்டையை மெல்ல உள்ளே இறக்கினால் தட்டில் வழிகிற தண்ணீரை நிறுத்துப் பார்க்கலாம். 52 கிராம். அதாவது முட்டை 52 மில்லி இடத்தை அடைக்கிறது. வெறும் தண்ணீர் அதற்கு 52 கிராம் தூக்குதான் கொடுக்கும். முட்டைக்குத் தேவை 56. நாலு கிராம் குறைகிறது, படுத்துவிட்டது.

இப்போது உப்பு. 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ உப்பைக் கரைத்தால், எடை 10 கிலோவிலிருந்து பதினொன்றரை கிலோவாகிறது. ஆனால் தொட்டியில் மட்டம் ஏறுவது அரை லிட்டர் அளவுக்குத்தான். கரைந்த உப்பு தண்ணீருக்குள்ளேயே நெருக்கி இடம் பிடித்துக்கொள்கிறது. எடை ஒன்றரை கூடியது, இடம் அரைதான் கூடியது. அப்பா சொன்ன "தண்ணி கனத்துப் போச்சு" இதுதான். ஒரு லிட்டர் இப்போது 1000 கிராம் இல்லை, ஏறக்குறைய 1090 கிராம். இதைத்தான் அடர்த்தி 1.09 என்கிறார்கள். அப்பாவின் குழலை இதில் விட்டால் 12 டிகிரியில் நிற்கும்.

52 மில்லி முட்டைக்கு இந்தத் தண்ணீர் கொடுக்கக்கூடிய தூக்கு 56.7 கிராம். முட்டையின் எடையோ 56. தேவைக்கு மேல் தூக்கு இருப்பதால் முட்டை எழும்புகிறது. மேலே வந்து ஒரு சின்னப் பகுதி தண்ணீருக்கு வெளியே போனதும், முங்கியிருக்கிற பகுதி குறைகிறது, தூக்கும் குறைகிறது. 51.4 மில்லி மட்டும் முங்கியிருக்கும்போது தூக்கு சரியாக 56 கிராம். அங்கே நின்றுவிடுகிறது. வெளியே இருப்பது மீதி 0.6 மில்லி. முட்டையின் மொத்தை முனையில் 0.6 மில்லியை வெட்டி எடுத்தால் அந்த வட்டத்தின் அகலம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். ஒரு ரூபாய்க் காசு.

இதைப் பையன் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டிய அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. காசு அளவு என்று சொல்லிவைத்தவர்கள் தராசு வைத்து நிறுத்திருக்க மாட்டார்கள். பயிரைப் பார்த்து, விதையைப் பார்த்து, அனுபவத்தில் கண்டு சொன்ன அளவு. கணக்கு அங்கேயே வந்து நிற்கிறது. அப்பாவின் கண்ணாடிக் குழலும் இந்த முட்டையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. குழலில் கோடு இருக்கிறது, முட்டையில் காசு இருக்கிறது.

பழைய முட்டை செய்த வேலை

நான் முதல் நாலைந்து வருஷம் வீட்டுக் கோழி முட்டையில்தான் செய்தேன். ஒரு சம்பாவுக்குக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததால் கடையில் ஒரு முட்டை வாங்கி வந்தேன். வெறும் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. நேரே உப்பைப் போட்டேன். அரை கிலோ தாண்டியதுமே முட்டை மேலே வந்து காசு அளவு காட்டியது. உப்பு மிச்சமானது என்று சந்தோஷப்பட்டு விதையைக் கொட்டினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சமாகத்தான் மிதந்தது, விதை நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். நாற்றங்காலில் பதினைந்தாம் நாள் பார்த்தால் முடி உதிர்ந்த தலை மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. நட்ட பிறகும் அந்த வயலில் அறுப்பு வரை இடைவெளி மறையவில்லை.

நடந்தது இதுதான். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. நாள் ஆக ஆக உள்ளே இருக்கிற நீர் ஆவியாக வெளியே போகும், அந்த இடத்தில் காற்று புகும். மொத்தை முனையில் இருக்கிற காற்றறை பெரிதாகும். ஓடு சுருங்காது, ஆகவே முட்டை அடைக்கிற இடம் அதே 52 மில்லிதான். எடை மட்டும் குறைந்துகொண்டே போகும். ரொம்பப் பழசானால் 52 கிராமுக்கும் கீழே போய் வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். இடைப்பட்ட முட்டையாக இருந்தால் தண்ணீர் கொஞ்சம் கனத்ததுமே மேலே வந்துவிடும். நான் 1.09 என்று நம்பிய தண்ணீர், உண்மையில் 1.03, 1.04 இருந்திருக்கும். அந்த இளந்தண்ணீரில் அரைக்காய்கள் எல்லாம் நிம்மதியாக மூழ்கிவிட்டன.

அதனால்தான் சொல்கிறேன்: வெறும் தண்ணீரில் முட்டை கிடையாகப் படுத்தால் புதுசு. ஒரு முனை தூக்கிச் சாய்ந்து நின்றால் சில நாள் ஆனது, வேண்டாம். நட்டுக்குத்தலாக நின்றாலோ மிதந்தாலோ பேச்சே இல்லை.

முட்டை தொடாத வீடுகளும் உண்டு. அவர்களுக்கு வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, காலியாக இருக்கும்போது நிறுத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரை நிரப்பி நிறுத்து, மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பாட்டிலின் எடை போக 1000 கிராம் வருகிற இடம் அது. அதே கோடு வரை உப்புத் தண்ணீரை ஊற்றி நிறுத்தால், பாட்டில் எடை போக 1090 வர வேண்டும். குறைந்தால் உப்பு, கூடினால் தண்ணீர். கடையில் வாங்கும் கல்லுப்பில் ஈரம் கூடக் குறைய இருக்கும். அதனால் ஒன்றரை கிலோ என்பதைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு, கடைசித் தீர்ப்பை முட்டையிடமோ தராசிடமோ விடுங்கள்.

நெல்லைக் கொட்டுவது

முட்டையை எடுத்துவிட்டு 3 கிலோ நெல்லைப் பரவலாகக் கொட்டுங்கள். கொட்டியதும் மேலே ஒரு பெரிய படலம் மிதக்கும். பதறிப்போய் அதை வழித்துவிடாதீர்கள். அதில் நல்ல மணியும் இருக்கிறது.

ஒரே ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெயிலில் பாருங்கள். உமியின் மேல் பொடிப்பொடியாக மயிர் இருக்கும். தண்ணீரில் விழும்போது அந்த மயிர்களுக்கிடையில் காற்றுக் குமிழிகள் முத்து முத்தாக ஒட்டிக்கொள்ளும். குமிழி ஒட்டிய மணி, அடைக்கிற இடம் கூடிய மணி. எடை கூடாமல் இடம் மட்டும் கூடினால் மிதக்கத்தானே செய்யும். போதாததற்குத் தண்ணீரின் மேல்பரப்பு ஒரு மெல்லிய தோல் மாதிரி இழுத்துப் பிடித்திருக்கும். ஊசியைப் பதமாகக் கிடத்தினால் தண்ணீர் மேல் நிற்குமே, அந்தத் தோல்தான். காய்ந்த நெல்லை அது தாங்கிக்கொள்ளும். அப்படி நிற்பது மிதப்பதில் சேராது, ஒருமுறை நனைந்தால் போய்விடும். ஆகவே இரண்டு கையையும் உள்ளே விட்டு, நெல்லை அமுக்கி, சோறு கிளறுவது போல அடியிலிருந்து இரண்டு மூன்று தடவை புரட்டுங்கள். குமிழிகள் சரசரவென்று மேலே வரும். அதோடு நல்ல மணிகள் கீழே இறங்கும். வால் நீண்ட ரகமாக இருந்தால் இன்னும் இரண்டு தடவை புரட்ட வேண்டும்.

ஒரு நிமிஷம் கை எடுத்துவிட்டு நிற்க விடுங்கள். இப்போது மேலே இருப்பது உண்மையாகவே மிதப்பது. அதில் நாலைந்து மணியை எடுத்து நகத்தால் உரித்துப் பாருங்கள். சிலதில் ஒன்றுமே இருக்காது, இரண்டு உமிக்கு நடுவே காற்று. சிலதில் அரிசி இருக்கும், ஆனால் ஒல்லியாக, ஒரு பக்கம் சப்பையாக, உமிக்கும் அரிசிக்கும் நடுவே இடைவெளியோடு. அடியில் மூழ்கியதில் ஒன்றை உரித்தால் அரிசி உமிக்குள் இடமில்லாமல் முட்டிக்கொண்டு இருக்கும். அரிசி தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். மணி மிதப்பதும் மூழ்குவதும் உள்ளே அரிசி எவ்வளவு, காற்று எவ்வளவு என்பதைப் பொறுத்தது. இரும்புக் கப்பல் மிதப்பதும் இதே கதைதான். இரும்பு தண்ணீரைவிட எட்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான கனம், ஆனால் கிண்ணம் போல விரித்து உள்ளே காற்றை அடைத்துவிட்டால் மொத்தமாக எடுத்துக்கொண்டு பார்க்கும்போது தண்ணீரைவிட லேசு. சில்வர் கிண்ணத்தைத் தொட்டியில் விட்டுப் பாருங்கள், பிறகு சாய்த்துத் தண்ணீர் புக விடுங்கள்.

இந்த இடத்தில் தாமதம் கூடாது. உமி என்கிற பொருள் தன்னளவில் தண்ணீரைவிடக் கனமானதுதான். பதரை மிதக்க வைப்பது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று. நேரம் ஆக ஆகத் தண்ணீர் உமிக்குள் கசிந்து அந்தக் காற்றை வெளியேற்றும். அரை மணி நேரம் விட்டால் பதரும் அரைக்காயும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கத் தொடங்கும், பிரித்ததெல்லாம் வீண். விதைக்கும் உப்பு ஏறி முளைப்பு கெடும். கொட்டியதிலிருந்து ஐந்து நிமிஷம், அதிகம் போனால் பத்து நிமிஷத்துக்குள் மேலே இருப்பதை வலையால் அரித்து எடுத்துவிட்டு, தண்ணீரை இன்னொரு பாத்திரத்தில் வடித்துவிடுங்கள்.

மீண்டும் 3 கிலோ போட வேண்டுமானால் அதே உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு தடவையும் முட்டையைப் போட்டுப் பார்த்து, காசு சிறுத்திருந்தால் ஒரு கை உப்பு. மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீரோடு அதற்கேற்ற உப்பையும் சேர்த்தே ஊற்ற வேண்டும்.

கழுவுவது

அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் மூன்று தடவை, முடிந்தால் நாலு தடவை கழுவுங்கள். வீட்டு விதையாக இருந்தால் கடைசிக் கழுவல் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்கலாம், கரிக்கக் கூடாது. கடையில் வாங்கிய விதையில் மருந்து தடவியிருக்கும், அதில் நாக்கை வைக்காதீர்கள், மிதந்த நெல்லைக் கோழிக்கும் போடாதீர்கள். வீட்டு நெல்லில் மிதந்ததை உப்புப் போகக் கழுவிக் காய வைத்தால் கோழிகள் பொறுக்கித் தின்னும்.

கழுவும்போது இன்னொன்றும் கவனிப்பீர்கள். உப்புத் தண்ணீரில் மிதந்த அரைக்காய்களை நல்ல தண்ணீரில் போட்டால் பாதி மூழ்கிவிடும். முட்டையைப் போலவேதான் அவையும். ஒரே மணி, ஒரே எடை, ஒரு தண்ணீரில் மிதந்து இன்னொன்றில் மூழ்குகிறது. என் வீட்டுக்கு இதைப் பார்க்க வருகிற பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் காட்டுவேன். இந்த நெல் மிதக்குமா என்று கேட்டால், எந்தத் தண்ணீரில் என்று திருப்பிக் கேட்கப் பழகிவிடுவார்கள்.

ஜப்பானிலும் இதே முறை இருக்கிறது. யோகோய் தோகியோஷி என்ற வேளாண் அறிஞர் 1882-ல் உப்பு நீரில் விதை தேர்வதை முறையாக வகுத்தார். அங்கே சாதா நெல்லுக்கு 1.13 அடர்த்தியும், ஒட்டும் அரிசி நெல்லுக்கு 1.08-ம் வைக்கிறார்கள். 1.13 நம்முடையதைவிடக் கடுமையான சல்லடை. நம் பாரம்பரிய ரகங்கள் சிலவற்றில் மணி சன்னமாகவும் உமி கனமாகவும் இருக்கும். அவற்றை அவ்வளவு கெட்டித் தண்ணீரில் போட்டால் நல்லதும் சேர்ந்து மிதந்துவிடும். புது ரகத்தை முதன்முதலாகச் செய்யும்போது நான் மிதந்ததில் நூறு மணி, மூழ்கியதில் நூறு மணி எடுத்து, தனித்தனி ஈரச் சாக்கில் முளைக்கப் போட்டுப் பார்ப்பேன். மிதந்ததிலும் பெரும்பாலானவை திடமாக முளைத்தால் அந்த ரகத்துக்குக் காசு அளவு அதிகம், உப்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ரகத்துக்கு ரகம் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் எட்டு ரகத்துக்கு இருக்கிறது.

மிச்சமான உப்புத் தண்ணீரை வயலிலோ வாழையடியிலோ கொட்டக் கூடாது. நான் அதை அகலத் தட்டில் ஊற்றி மாடியில் வைத்துவிடுவேன். இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்தால் தண்ணீர் சுண்டி, ஓரத்தில் சதுரம் சதுரமாக உப்பு பூக்கும். அப்பாவின் பாத்தியில் பார்த்த அதே உப்பு. அதைச் சுரண்டி ஒரு டப்பாவில் போட்டு, மேலே "விதைக்கு" என்று எழுதி அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்வேன்.

கழுவிய விதையை அன்றே ஊறப் போடுங்கள். கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (பயிர் நோயைத் தடுக்கிற நல்ல பாக்டீரியாப் பொடி) கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறல், பிறகு வடித்து ஈரச் சாக்கில் கட்டி ஒரு நாள் மூட்டம். இரண்டாம் நாள் காலையில் சாக்கைப் பிரிக்கும்போது இளஞ்சூடு முகத்தில் அடிக்கும், மணி மணியாக வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். முளை நீளுவதற்குள் நாற்றங்காலில் தெளித்துவிடுங்கள்.